கடைசியாக ஏறுகிறவள்

அப்பாவின் வலது கால் மறுபடியும் மெத்தையை அழுத்தத் தொடங்கியதும், மகள் போர்வையை விலக்கி அந்தப் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். எலும்பும் தோலுமாகிவிட்ட மனுஷனுக்கு அந்தக் காலில் மட்டும் எங்கிருந்துதான் பலம் வந்ததோ!

"எல்லாரும் ஏறிட்டாங்களா?" என்றார், கண்ணைத் திறக்காமலே. காலையிலிருந்து இதே கேள்விதான்.

"பஸ்ஸும் இல்ல, ஒண்ணும் இல்லப்பா. வீட்லதான் படுத்திருக்கீங்க."

பாதம் இன்னும் இறுகியது. மருந்தை அளந்துகொண்டிருந்த நர்ஸ் திரும்பினாள். "திருத்தாதீங்கக்கா. அவர் எங்க இருக்காரோ, அங்க போய்ப் பதில் சொல்லுங்க. கிளம்பற நேரத்துல நிறையப் பேர் இப்படித்தான் பேசுவாங்க."

மகள் பாதத்தை விடாமலே அவர் பக்கம் குனிந்தாள். "ஏறிட்டாங்கப்பா. போலாம்."

பிரேக்கை மிதித்த மாதிரி இருந்த பாதத்தில் அசைவில்லை. எப்படி அசைவார்? முப்பது வருஷம் டிரைவர். பயணிகள் "போலாம், போலாம்" என்று தொண்டை கிழியக் கத்தினாலும், கண்டக்டர் சொல்லாமல் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்தமாட்டார். கண்டக்டரோ சமையலறையில், கழுவிய டம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அம்மாவும் அப்பாவும் ஒரே பஸ்ஸில் பதினெட்டு வருஷம் ஓடினார்கள். வீட்டில் அம்மா சொல்வது எதையும் அப்பா காதில் போட்டுக்கொண்டதில்லை. பஸ்ஸில் அவள் பேச்சைத் தட்டியதில்லை. தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி ரைட் கொடுத்துவிட்டு, வண்டி உருண்ட பிறகு படியில் தொற்றிக்கொள்வது அம்மாவின் கெட்ட பழக்கம். அவள் ஏறியதைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் அப்பா இரண்டாவது கியருக்கே போவார்.

"அம்மா, நீ வந்து சொல்லேன்."

"என்னத்தைச் சொல்ல?" அம்மா சீறினாள். "போய்ட்டு வாங்கன்னா? என் வாயால அதை மட்டும் சொல்லச் சொல்லாதடி."

"அவர் கஷ்டப்படறாரும்மா."

குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு நின்றது.

ஈரக் கையைத் துடைக்காமலே அம்மா வந்தாள். கட்டிலில் உட்காரவில்லை, தலைமாட்டுக்குப் பின்னால் போய் நின்றாள். அவள் குரல் அவருக்கு எப்போதும் பின்னாலிருந்துதான் வந்திருக்கிறது.

"எல்லாரும் ஏறிட்டாங்களா?"

"ஏறியாச்சு. கீழ ஒருத்தரும் இல்ல."

"நீ?"

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகளுக்கு அப்பாவைவிட அம்மாவை நினைத்துத்தான் பயமாக இருந்தது.

"எனக்கு இங்க கொஞ்சம் வேலை இருக்கு." அம்மாவின் குரல் பிசிறியது, செருமிச் சரிசெய்துகொண்டாள். "கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க. நான் அடுத்த வண்டியில வர்றேன்."

கட்டில் சட்டத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினாள். "போலாம், ரைட்."

மகளின் கைக்குள் பாதம் மெல்லத் தளர்ந்தது. மூச்சு விட்டு விட்டு வந்து, சற்று நேரத்தில் நின்றுபோனது.

நர்ஸ் மணியைக் குறித்துக்கொண்டாள். அழுது முடித்த மகள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காரும்மா. எவ்வளவு நேரம்தான் நிப்ப?"

"இருக்கட்டும். நின்னே பழகினவதானே."

சட்டத்தைப் பிடித்த கையை அம்மா இன்னும் எடுக்கவில்லை.