எண்பது கிலோ ஆள்

முதல் பறப்புக்கு இன்னும் முப்பத்தொன்பது மணி நேரம் இருந்தது. மாமா கத்தரிக்கோலால் விமான இருக்கையின் பஞ்சை வெட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

காரணம் தராசு. காலையில் விமானத்தை இறக்கையோடு ஷெட் கூரையிலிருந்த செயின் பிளாக் சங்கிலியில் தொங்கவிட்டு, மாமா ஏறி உட்கார்ந்தார். கொக்கிக்கு மேலிருந்த மின்தராசில் சிவப்பு விளக்கு எரிந்தது. இறக்கை தாங்கும் அளவை எடை தாண்டிவிட்டது என்று பொருள்.

விமானம் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று சக்கரம், ஓர் இருக்கை, முதுகுக்குப் பின்னால் எஞ்சின். தலைக்கு மேல் துணி இறக்கை. மற்றதெல்லாம் அதில் ஒரே போல்ட்டில் தொங்கும். எதிரே இருக்கும் கம்பியைத் தள்ளியும் இழுத்தும் ஓட்டுபவர் தன் உடம்பை நகர்த்துவார். எடை சாயும் பக்கம் விமானம் திரும்பும். ஆகவே வடிவமைப்பின் முதல் எண்ணே விமானியின் எடைதான். மாமா எண்பது என்றார். நான் இயற்பியல் படித்தவள். மேலே இருபது கிலோ தாராளமும் விட்டேன்; மாமாவைப் பார்க்காமல் போட்டால் கணக்கு அழகாக வந்தது.

மாமா முப்பது வருடம் லிஃப்டுகளில் ‘எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது’ என்று பலகை மாட்டியவர்.

"தராசு கோளாறு" என்றார்.

"கோளாறேதான் கேப்டன்" என்றார் விமானத்தின் சட்டத்தை ஒட்டித் தந்த வெல்டர். அவருக்கு மாமா சொல்வதெல்லாம் வேதவாக்கு. மிதிகட்டையில் அவர் பதினாறு ஓட்டை போட்டார். சட்டத்தின் பெயின்ட்டைச் சுரண்டினார். வேகமானியைக் கழற்றினார்.

"வேகம் எப்படி மாமா தெரியும்?"

"காதுல காத்து அடிக்கும்ல? அது போதும்மா."

ஒவ்வொரு முறையும் மாமா ஏறி உட்கார்ந்தார், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு. சிவப்புதான். குறைக்காத இடம் ஒன்றுதான் பாக்கி. அது இருக்கையில் உட்கார்ந்திருந்தது. எனக்கும் தெரியும், வெல்டருக்கும் தெரியும். பூனைக்கு யார் மணி கட்டுவது?

மாலையில் மாமாவின் கண் பாராசூட் பையில் விழுந்தது. இறக்கை முறிந்தால் விமானத்தையே ஆளோடு பத்திரமாக இறக்குவது அது ஒன்றுதான்.

"பதினோரு கிலோ சும்மா தொங்குது. விழறதுக்கா நான் விமானம் செஞ்சேன்? கழட்டு."

வெல்டர் கழற்றினார். பச்சை விளக்கு எரிந்தது. வெல்டர் கை தட்டினார். நான் அந்தப் பையை மட்டும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் அத்தையின் முன்னால் வைத்தேன்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டே ஷெட்டுக்கு வந்தார்.

"ஏங்க, இறங்குங்க."

"இப்பதாண்டி பச்சை வந்திருக்கு!"

"இறங்குங்கன்னு சொன்னேன்."

இறங்கினார்.

"தம்பி, இதை இருந்த இடத்துல மாட்டுங்க."

வெல்டர் மாமாவைப் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். மாட்டினார். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இருக்கையில் ஏறி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"நான் அறுபத்தெட்டு கிலோ. ஊருக்கே தெரியும். என்ன விளக்குன்னு பாருங்க."

பச்சை.

"தராசு நல்லாத்தானே இருக்கு? பாராசூட்டும் இருக்கு. நாளன்னைக்கு நானே போறேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"உங்களுக்கு எடை பார்க்கத் தெரியுமா? எண்பது கிலோ ஆளுக்குன்னு செஞ்சீங்களே, அந்த ஆள் எங்க? வரச் சொல்லுங்க, இடத்தை விட்டுடறேன்."

வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஊரைக் கூட்டியாச்சேடி. எல்லாரும் வருவாங்க."

"வரட்டும். வந்து வெறும் ஷெட்டைப் பார்த்துட்டுப் போகட்டும். இறக்கை உடைஞ்சு நீங்க விழறதைப் பார்க்கறதுக்கு அது மேல்." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஏண்டி, பெருசா வேற இறக்கை தைக்க முடியுமா?"

"முடியும் அத்தை. ரெண்டு மாசம் ஆகும். ஆனா முதல் எண் சரியா வேணும்."

பேனாவைத் திறந்தேன். மாமா கூரையைப் பார்த்தார். அத்தை பெல்ட்டைக் கழற்றவில்லை.

"நூத்திப் பன்னெண்டு" என்றார் மாமா. "செருப்போட."