பட்டினி கிடக்கும் தொட்டி

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பிறக்கக் காரணம் உத்வேகம் அல்ல, கூச்சம். மூன்று வாரங்களுக்கு முன் ஒரு பல் டாக்டரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொல்லாதது உள்ளேயே வீங்கி இத்தனை பக்கமாகிவிட்டது. (வீக்கம் பற்றி டாக்டருக்குத் தெரியும்.)

முதல் வரிக்கு முயன்றவை:

'கடல் ஒரு தாயைப் போல—' அடித்துவிட்டேன். கடலும் பாவம், தாயும் பாவம்.

'கண்ணாடிக்குள் சிறைப்பட்ட சமுத்திரத்தில் அவள் தன் முகத்தையே—' இதையும் அடித்துவிட்டேன். அந்தக் கண்ணாடியில் என் முகம் தெரிந்ததே இல்லை. பாசி மறைத்துக்கொண்டிருந்தது.

2.

எனவே நேராகவே. பல் மருத்துவமனை. நோயாளிகள் காத்திருக்கும் அறையில் நானூறு லிட்டர் உப்புநீர்த் தொட்டி. உள்ளே பதினொரு பவளங்கள், நான்கு மீன்கள், சில நத்தைகள். வளர்ப்பு மீன் கடையிலிருந்து செவ்வாய்தோறும் வந்து அதைப் பராமரிப்பது என் வேலை. விலங்கியல் பட்டம் இதற்காவது உதவியதே என்று வீட்டில் மகிழ்ச்சி.

மணல்மேல் பழுப்பாக, சளி மாதிரி, நுனியில் குமிழியோடு ஒன்று படர ஆரம்பித்தது. டாக்டர் முகக்கவசத்தை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது பல்லுல படியற கறை மாதிரிதான் மா. சுத்தம் பத்தல."

"டாக்டர், அது வந்து..."

"நைட்ரேட் எவ்வளவு?"

"சைபர்."

"பாஸ்பேட்?"

"சைபர்."

"வெரி குட். அப்படியே மெயின்டெயின் பண்ணு."

நான் சொல்லவேண்டிய வாக்கியம் இந்த இடத்தில்தான் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு இருமல்.

3.

இங்கே கொஞ்சம் கட்டுரை. அலுப்பாக இருந்தால் தாண்டிப் போகலாம். ஒருவர் மட்டும் தாண்டக் கூடாது.

பவளத்துக்கும் சாப்பாடு வேண்டும். நீரில் துளி நைட்ரேட்டும் துளி பாஸ்பேட்டும் இருந்தால்தான் அதுவும் பிழைக்கும், கண்ணுக்குத் தெரியாத நல்ல நுண்ணுயிர்களும் பிழைக்கும். இரண்டும் சைபரானால் நல்லவர்கள் பட்டினியில் ஒதுங்கிவிட, ஒன்றுமே இல்லாமல் பிழைக்கத் தெரிந்த ஒற்றைச் செல் பாசி (அந்தப் பழுப்புச் சளி இதுதான்) காலி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

தேய்த்தால் போகாது. நீரை மாற்றினால் கூடும். பாஸ்பேட்டை உறிஞ்சும் பையை எடுத்துவிட்டு, நீர் மாற்றுவதை நிறுத்தி, மீன்களுக்குத் தாராளமாகத் தீனி போட்டு, நீர் கொஞ்சம் அழுக்காக விடவேண்டும். 'டாக்டர், சுத்தம் போதும், விட்டுடலாமா?' இவ்வளவுதான் அந்த வாக்கியம்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: இந்தப் பகுதியில் இருபது வரி எழுதிப் பாதியை நீக்கினேன். எனக்குச் சுத்தமான உரைநடை பிடிக்கும். டாக்டரைக் கேலி செய்ய எனக்கு எவ்வளவு தகுதி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

4.

டாக்டர் போரில் இறங்கினார். ஒரு பை இரண்டானது. நீர்மாற்றம் வாரம் இருமுறை. தீனி பாதி. ஊசி போட்ட நோயாளிக்கு ஈறு மரத்துப்போகக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் வெளியே வந்து, மென்மையான டூத் பிரஷால் பவளங்களைத் தேய்த்தார். கீழிருந்து மேலாக, வட்ட வட்டமாக.

நத்தைகள் செத்தன. இரண்டு பவளங்கள் வெள்ளையாகின. நடுவிலிருக்கும் ஊதாப் பவளத்தை அவர் நகம் அளவுக்கு வாங்கி, ஆறு வருடத்தில் உள்ளங்கை அளவுக்கு வளர்த்தாராம். இப்போது அதுவும் விளிம்பிலிருந்து வெளுக்கிறது.

ரிசப்ஷன் அக்காவிடம் போனேன்.

"என்னடி, உன் தொட்டிக்கு இன்னும் மூக்கு ஒழுகுது?"

"சுத்தம் பண்றதுதான்க்கா பிரச்சனையே. நீங்க அவர்கிட்ட சொல்லுங்களேன்."

"நானா? பேனாவையே ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிற மனுஷன்டி அவரு. அவர்கிட்ட போய் சுத்தம் வேணாம்னு சொல்லச் சொல்றியா? நீதானே படிச்ச புள்ள."

(இந்த வரியை நீக்கச் சொல்லி அக்கா கெஞ்சினார். நீக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.)

அதற்குள் டாக்டரே வந்துவிட்டார். "என்ன மா, ஏதாவது சொல்லணுமா?"

"இல்ல டாக்டர். பிரஷ் நல்லா இருக்கு."

கற்பனை என்று நினைக்காதீர்கள். அப்படியேதான் சொன்னேன்.

5.

முடிவு ஒன்று: நாயகி துணிந்து பேசுகிறாள், டாக்டர் கண் கலங்குகிறார். நாயகியை எனக்கு இருபத்து நான்கு வருடமாகத் தெரியும். பேசமாட்டாள்.

முடிவு இரண்டு: அவர் பார்க்காத நேரத்தில் அவள் ஊட்டச்சத்தைக் கலந்துவிடுகிறாள். தொட்டி தேறுகிறது. எல்லாம் பிரஷின் மகிமை என்று டாக்டர் நம்பி, அடுத்த மாதமே தேய்த்துத் தேய்த்து மறுபடி சைபருக்குக் கொண்டுவருகிறார்.

முடிவு மூன்று: எல்லாம் சாகிறது. பளிங்கு போல வெறும் நீர், அதில் விளக்கொளி. இலக்கியத்தரமானது. பவளங்களுக்குத்தான் இதில் ஆர்வமில்லை.

6.

ஆகவே முடிவை வாசகரிடம் விடுகிறேன். பொதுவாக இது எழுதுகிறவர் நழுவும் வழி. ஆனால் இந்தக் கதைக்கு ஒரே ஒரு வாசகர்தான். மற்றவர்கள் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள். இன்றைய முதல் நோயாளியின் ஃபைலுக்குள் இதை வைத்துக் கொடுப்பதாக அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். (அந்த வரி போய்விட்டதா என்று அவர் படித்துப் பார்க்கவில்லை.)

டாக்டர், கேலிகளுக்கு மன்னியுங்கள். எழுத்தில் மட்டும் எனக்கு வாய் நீளம். உங்கள் நாற்காலியில் உட்காருபவர்கள் யாராலும் பேச முடியாது, வாய்க்குள் உங்கள் கை இருக்கும். நீங்களே கேள்வி கேட்டு நீங்களே பதிலும் சொல்லிக்கொள்வீர்கள். என்னையும் அப்படி ஒருத்தியாக நினைத்துக்கொள்ளுங்கள். கேள்வி மூன்றாம் பகுதியில், அந்த அடிக்குறிப்புக்குச் சற்று மேலே இருக்கிறது.

பதிலை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். நான் கதவுக்கு வெளியே, முழங்கை வரை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நிற்கிறேன்.