மூடிக்கு உள்ளே ஒரு தேதி

போலி வாட்சைத் தொட்டாலே எனக்கு அருவருப்பு. யாரோ சாப்பிட்ட எச்சில் தட்டில் கை வைத்ததுபோல் இருக்கும். முப்பது வருடமாகக் கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு இதே மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் அது பழகவில்லை.

அன்று வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். பழைய வாட்ச் ஒன்றை வாங்கப்போகிறாராம். எங்கே வேண்டுமானாலும் காட்டிவிட்டு வா என்று விற்பவன் ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறான். இதற்காகவே மோட்டார் சைக்கிளை விற்றுவிட்டாராம். இருபது வருட ஆசை என்றார். வாங்குவதற்கு முன்னால் கொண்டுவந்தாரே, அதுவே பெரிய விஷயம். மற்றவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்ட பிறகுதான் என்னிடம் வருவார்கள்.

கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. இந்த ரக வாட்ச் கனக்க வேண்டும். இது காலி சோப்பு டப்பா மாதிரி இருந்தது. லென்சில் பார்த்தால் டயலில் எழுத்தின் ஓரமெல்லாம் மை கசிந்திருந்தது. வழுக்கிக்கொண்டு போகவேண்டிய நொடிமுள் குதித்துக் குதித்துப் போனது. சாவி கொடுக்கும் திருகு ஆடியது. கண்ணாடி ஓரத்தில் பசை வழிந்து, சீ, மூக்குச்சளி போலக் காய்ந்திருந்தது.

"மூடியத் திறந்து உள்ள பாத்தாலே போதும்னு விக்கிறவர் சொன்னாரு," என்றார் மெக்கானிக். "உங்க குறி இருக்காம். அது இருந்தா கண்ண மூடிக்கிட்டு வாங்கலாமாம்."

நான் பழுது பார்க்கும் ஒவ்வொரு வாட்சின் பின்மூடிக்குள்ளும் ஊசியால் ஒரு சுழியும் தேதியும் கீறிவைப்பேன். வெளியே தெரியாது, திறந்தால்தான் தெரியும். அந்தச் சுழியை நம்பித்தான் ஊரில் பாதிப்பேர் பழைய வாட்ச் வாங்குகிறார்கள்.

திறந்தேன். என் சுழிதான், அச்சு அசலாக. கீழே தேதி, ஏழாம் மாதம் பதினேழு, போன வருடம். இரண்டு ஏழிலும் இடுப்பில் ஒரு குறுக்குக்கோடு. நான் அப்படிப் போடுவதில்லை. பக்கத்து மேசையில் குனிந்து பட்டை மாற்றிக்கொண்டிருந்தானே என் தம்பி, அவன்தான் பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படிப் போடுவான்.

தேதியை மறுபடி படித்தேன். அம்மாவை எடுத்த நாள். கடையைச் சாத்திவிட்டு, நானும் அவனும் வண்டியில் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து போனோம். அன்று குலுங்கிக் குலுங்கி அழுதவன் அவன்தான், நான் இல்லை.

"போலிங்க," என்றேன் மெக்கானிக்கிடம். "மொத்தமும் போலி. உள்ள இருக்கிற குறியும் நான் போட்டதில்ல. பணத்தக் குடுத்துடாதீங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் இதை யார் போட்டது என்று கேட்டார்.

கூடப்பிறந்தவன். சொன்னால் அவனோடு கடையின் மானமும் கப்பலேறும். எவனோ போட்டிருப்பான் என்று சொல்லி அனுப்பிவிடலாம், வீட்டுக்குப் போய் இவனை உண்டு இல்லை என்று பண்ணலாம் என்று நினைத்தேன்.

அதற்குள் தம்பியே எழுந்து வந்தான். வந்தவர் எதிரிலேயே என் தோளில் கை வைத்தான்.

"அக்கா, இது உன்னோடதுதான். வயசாகுதில்ல, மறந்திருப்ப."

அந்தக் கையைத் தட்டிவிட்டேன். மூடியை அவன் கண்ணுக்கு நேரே நீட்டினேன். "இந்தத் தேதியில நம்ம கடையே திறக்கலடா."

அவன் குனிந்து பார்த்தான். புருவத்தைச் சுருக்கினான். நடிப்பென்றால் எனக்குத் தெரிந்திருக்கும். நிஜமாகவே யோசித்தான்.

"ஏன், அன்னைக்கு என்ன?"

மூடியை மேசையில் போட்டுவிட்டுக் கையைத் துணியில் துடைத்தேன். மெக்கானிக் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு போட்டதுன்னு கேட்டீங்களே," என்றேன். "இதோ நிக்கிறான் பாருங்க, இவன்தான்."