இடம் மாறிய தெரு

நாடினின் பேஸ்மென்ட் ஜன்னலுக்குள் நான் வேண்டுமென்று எட்டிப் பார்க்கவில்லை. குப்பைத் தொட்டியை இழுத்து வரும்போது குனிய வேண்டியிருந்தது. குனிந்தால் அந்த ஜன்னல் கண்ணில் படுகிறது, அதற்கு நான் என்ன செய்ய? உள்ளே கொடியில் துணிக்குப் பதிலாக எங்கள் தெரு தொங்கிக்கொண்டிருந்தது. ஒரே தெரு, அறுபது தாளில்.

பக்கத்து வீட்டு நாடின் பிளாஸ்டிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் பதினாறு வருடம் நின்றவள். போன வசந்தத்தில் அதை விட்டுவிட்டு ஓவியராகிவிட்டாள். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை. நூலகத்துப் புத்தகம், போனில் வீடியோ, அவ்வளவுதான். லினோலியத் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை உருட்டி, மேலே தாளை வைத்து, சூப் கிண்டுகிற மரக்கரண்டியின் முதுகால் தேய் தேய் என்று தேய்ப்பாள். ஒரு பிரதி இருபது டாலர். "ஒரு பெரிய பீட்சா விலை. அந்த விலைக்கு எல்லார் வீட்டுச் சுவத்துலயும் ஒரு படம் இருக்கணும்" என்பாள். உயர்ந்த கொள்கைதான். கோடை முழுக்கச் சந்தையில் காக்கை, தக்காளி, டீ கெட்டில் என்று அச்சடித்து விற்றாள். அந்தக் கொள்கை அவள் காருக்கு இன்னும் ஒரு பனி டயர்கூட வாங்கித் தரவில்லை.

இந்த நேரத்தில்தான் தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஆறு மணி ஷிஃப்டுக்கு வந்தால் பழைய இடம், வராவிட்டால் வேறு ஆள். இதை வேலியோரம் அவளாகவேதான் சொன்னாள். நான் இரண்டு கேள்விதான் கேட்டேன்.

"சனிக்கிழமை சர்ச் பஜார்ல அறுபதுல பாதியாவது போச்சுன்னா நான் அந்தப் பக்கமே போகமாட்டேன் லொரெட்டா. இல்லைன்னா மறுபடி மூடிதான்."

ஆகவே அந்த வியாழக்கிழமை நான் ஜன்னலில் கொஞ்சம் கூடுதலாகவே குனிந்திருந்தேன். படம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ உறுத்தியது. எங்கள் ஊர் பஃபலோவில் பனி எப்படிக் கொட்டும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் எதிர் வரிசை வெயில் பக்கம். மதியத்துக்குள் அவர்கள் நடைபாதை தானாக உருகிவிடும். எங்கள் வரிசை நிழல் பக்கம். மார்ச் வரை மண்வெட்டியும் இடுப்பு வலியும். படத்தில் என் வீடு எதிர் வரிசையில், வெயில் பக்கம் இருந்தது.

கதவைத் தட்டினேன். "நாடின், எதிர் வீட்டு ரோஸான் இருக்க வேண்டிய எடத்துல நான் இருக்கேன்."

சிரித்தாள். பிறகு கொடியைப் பார்த்தாள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள். தகட்டில் செதுக்குவது தாளில் இடம் வலமாக மாறித்தான் விழுமாம். அதனால் முதலிலேயே திருப்பி வரைய வேண்டுமாம். "கெட்டிலுக்கு மூக்கு எந்தப் பக்கம் இருந்தா என்ன, அதையே செதுக்கிப் பழகிட்டேன்" என்றாள். மறுபடி செதுக்கி அடித்தாலும் மை காய ஒரு வாரம் வேண்டும். பஜாருக்கு இரண்டு நாள் இருந்தது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. எங்கள் வரிசையில் இருக்கும் கஸிமிரிடம் மட்டும். பிறகு ரோஸானிடம், அவள் பெயரும் அடிபட்டதால். பிறகு மருந்துக்கடை வரிசையில். சிரிக்கத்தான் சொன்னேன், மறைக்க மாட்டேன்.

சனிக்கிழமை சர்ச் பேஸ்மென்ட்டில் பியரோகிக் கொழுக்கட்டை வரிசையைவிட நாடினின் மேஜை முன்னால் வரிசை நீளமாக இருந்தது. தங்கள் வீடு எங்கே போய்விட்டது என்று பார்க்கத் தெருவே வந்திருந்தது.

கஸிமிர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நாப்பத்தோரு வருஷமா நிழல்ல கெடக்கேன். இருபது டாலருக்கு வெயில் பக்கம் குடி வந்தாச்சு. ரெண்டு குடும்மா. ஒண்ணு என் மகனுக்கு, சொன்னா நம்பமாட்டான்."

"அநியாயம். என்னைத் தூக்கி நிழல்ல போட்டிருக்கா" என்றாள் ரோஸான்.

"பிடிக்கலைன்னா வாங்காத" என்றார் கஸிமிர்.

"வாங்காம? ஆதாரம் வேண்டாமா எனக்கு?"

அதற்குமேல் நான் பார்க்கவில்லை. காபி ஊற்ற ஆள் போதாதென்று பாதிரியார் என்னை அடுக்களைக்கு அனுப்பிவிட்டார். என் வாழ்க்கையில் எண்ணியே ஆக வேண்டிய ஒரே நாளில் எண்ண முடியாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பழுப்புத் தாளில் சுற்றிய ஒன்றோடு நாடின் வந்தாள். "இது உங்களுக்கு. நீங்க ஊரெல்லாம் சொல்லலைன்னா யாரு வந்திருப்பா."

"எத்தனை போச்சு?"

"அத மட்டும் கேக்காதீங்க. நாளைக்குக் காலைல தெரிஞ்சுடும். நீங்கதான் பாத்துட்டு இருப்பீங்களே."

அவள் போனபின் கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தேன். என் வீட்டு மாடி ஜன்னலில் திரையின் மூலை தூக்கியிருந்தது. அதற்குக் கீழே அரிசி அளவு ஒரு மூக்கு. கோபம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தேன். என் கணவர் டான் போனபிறகு என்னை யாரும் ஒரு போட்டோகூட எடுத்ததில்லை. ஆணி தேடிப் போனேன்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே மாடி ஜன்னலில் நின்றேன். ஐந்தே முக்கால். ஐந்து ஐம்பத்தைந்து. நாடினின் கார்மேல் பனி ஒரு விரல் தடம்கூட இல்லாமல் இருந்தது. பேஸ்மென்ட் ஜன்னலிலிருந்து பனியின்மேல் மஞ்சளாக ஒரு சதுரம் விழுந்திருந்தது. அதில் மரக்கரண்டியின் நிழல் போவதும் வருவதுமாக இருந்தது. பிறகு நின்றது. மெல்ல உயர்ந்து, கையசைப்பதுபோல் இரண்டு முறை ஆடியது.

நான் திரையின் மூலையை விடவில்லை.