வராதவள்

விடியுமுன்பே பட்டறையில் சக்கரங்கள் சுழலத் தொடங்கிவிட்டன. எவர்சில்வர் குடத்தை இரு கைகளாலும் இறுகப் பிடித்து, மெருகேற்றச் சுழலும் துணிச்சக்கரத்தில் அவள் அழுத்தினாள். கறுப்புத் தூசி பறந்து மூக்கிலும் பல்லிலும் அப்பியது. பாத்திரம் பளபளக்கப் பளபளக்க அவள் கறுத்துக்கொண்டே போனாள். வருஷக்கணக்காக இதே வேலை. விரல்நுனிகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டன.

வாசலில் புதிதாக மாட்டிய கைரேகை மெஷினுக்கு அந்த விரல்கள் பிடிக்கவில்லை. எத்தனை முறை அழுத்தினாலும் சிவப்பு விளக்கைக் காட்டி முறைத்தது. அதன் கணக்கில் அவள் ஒரு வாரமாக வேலைக்கே வரவில்லை. வராதவளுக்குக் கூலி ஏது? இன்று ஆளையே நிறுத்தப்போவதாக மேஸ்திரி சொல்லியிருந்தார். நிஜமாகவே நான் இங்கே இல்லையோ என்று நேற்று அவளுக்கே ஒரு கணம் சந்தேகம் வந்துவிட்டது. கூலி போனதைவிட அந்தச் சந்தேகம்தான் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது.

முதலாளி வந்தார். சட்டையில் தூசி படாத தூரத்திலேயே நின்றுகொண்டார்.

"என்னம்மா, ஒரு வாரமா வேலைக்கு வரலியாமே?"

"உங்க முன்னாலதானே நிக்கிறேன், முதலாளி."

"மெஷின் இல்லேங்குதே. அதுக்கென்ன, உன்மேல விரோதமா?"

"அந்தா அடுக்கியிருக்கே குடம், அதெல்லாம் யாரு தேய்ச்சது?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கிளம்பு, வெளிய போ."

"உள்ளயே வராதவ எப்படிங்க வெளிய போறது?"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முதலாளிக்குச் சுருக்கென்றது. அவர் கண்காட்ட, மேஸ்திரி அவள் தோளைப் பிடித்துத் தள்ளினார்.

பக்கத்துச் சக்கரத்தில் நின்றவன் நெட்டையன். அவளோடு சண்டை போட்டு மாதக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாதவன். தன் கட்டைவிரலைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பாதி ரேகை போயிருந்தது. சக்கரத்தை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தான்.

"நானும் இன்னைக்கு வரல, மேஸ்திரி."

"டேய், உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?"

"வரலன்னா வரலதான். தங்கச்சி, இங்க வந்து உக்காரு."

"நானும் வரல" என்றது கழுவுகிற தொட்டியிலிருந்து ஒரு குரல். பிறகு இன்னொன்று. ஒவ்வொரு சக்கரமாக முனகி நின்றது. பட்டறையில் முதல்முறையாக மனிதர்கள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

"போலீஸைக் கூப்பிடுவேன்! நாளைக்கு ஒருத்தனும் உள்ள கால் வைக்க முடியாது!" என்று முதலாளி கத்தினார்.

நாளைக்கு என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவள் நெட்டையன் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

"யாரைப் பாத்து கத்துறீங்க முதலாளி? இங்கதான் யாருமே வரலியே!"