கேக்குக்குப் பின்னால இருந்த இன்சுலின்

குப்பிக்குள்ள ஐஸ், பஹ்மா. கையில பொத்திப் பிடிச்சு, ஊதி ஊதி உருக்கினன். உருகினதும் பழையபடி தெளிஞ்ச தண்ணி மாதிரித்தான் இருந்தது. அதான் பேசாம திரும்ப வச்சிட்டன். அது என்ட தம்பி மிதுஷன்ட இன்சுலின். சாப்பாட்டுக்கு முதல் அத ஏத்தாட்டி அவனுக்குச் சீனி ஏறிடும், உனக்குத் தெரியும்தானே.

எல்லாம் கேக்கால வந்தது. நாளைக்கு வெள்ளவத்தை ஹோல்ல ஒரு பிள்ளை பெரியவளான சாமத்திய வீடு, அம்மாதான் மூண்டு தட்டுக் கேக் செய்து குடுக்கிறா. இந்த வெக்கைக்கு பட்டர் ஐசிங் வழியத் தொடங்கிட்டுது. எங்கட பிரிட்ஜ் கிழடு, குளிர் காணாது. திருத்துற பாஸுக்கு கோல் எடுத்து, அய்யே அய்யே எண்டு சிங்களத்தில அண்ணன் முறை சொல்லி அம்மா கெஞ்சினா. அவருக்கு தெமட்டகொடையில வேலையாம், திங்கக்கிழமைதான் வருவாராம். அதுவரைக்கும் சமாளிக்க, பின்பக்கக் கம்பிக்கு ஃபேனைப் பிடிக்கச் சொன்னார்.

நான் அதோட நிக்கேல்ல. சூடு கெதியாப் போகட்டுமெண்டு அந்தக் கறள் பிடிச்ச கம்பியில ஈரத்துணியும் போட்டன். உள்ளுக்க குளிர் கூட்டிற குமிழைக் கடைசி மட்டும் திருப்பினன். கேக்குக்கு இடம் காணாதெண்டு, கதவுத் தட்டில இருந்த மருந்துப் பெட்டிய எடுத்துப் பின்சுவரோட தள்ளினதும் நான்தான்.

ஐசிங் கல்லாட்டம் இறுகிட்டுது. "இனி அந்தப் பாஸுக்கு வேலை இல்ல, என்ட எஞ்சினியர் இருக்கிறா" எண்டு அம்மா பகிடி விட்டா. கனநாளைக்குப் பிறகு சிரிச்சவ. அதுக்குப் பிறகு எப்பிடி வாய் வரும்?

இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா அதே குப்பியில இருந்துதான் மிதுவுக்கு ஏத்தினவ. நான் புட்டுக் கோப்பையோட பக்கத்தில நிண்டனான், ஒண்டும் சொல்லேல்ல. பிறகு ஃபோன்ல தேடினன். உறைஞ்சதெண்டா உருகினாலும் பாவிக்கக் கூடாதாம், எறியோணுமாம். பாத்தா வித்தியாசம் தெரியாதாம், ஆனா வேலை செய்யாமப் போகலாமாம்.

சீனி பாக்கிற மெஷின் அம்மாவின்ட அறையில. எடுக்கப்போனா அவ எழும்புவா, எழும்பினா எல்லாத்தையும் சொல்லோணும். சொல்லத்தான் போறன். உனக்கு இத எழுதிற ஃபோனைக் கையில வச்சுக்கொண்டு அம்மாவின்ட கதவடியில நிக்கிறன்.

மிது எழும்பி வந்திட்டான். ஒரு போத்தல் தண்ணி முழுக்கக் குடிச்சு முடிச்சிட்டு, வெறும் போத்தலோட என்னைப் பாக்கிறான்.

"அக்கா, ஊசி போட்டதுதானே? பிறகேன் எனக்கு இப்பிடித் தண்ணி விடாய்க்குது?"