கொக்கியக்காவின் பந்து

பவுலிங் சங்கத் தலைவர் பந்தைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டிவிட்டு, சவப்பெட்டியின் தலைமாட்டில் வெல்வெட் துணி மேல் வைத்தார். கைக்குட்டையால் இன்னொரு தடவை துடைத்தார். பந்தில் டியூப்லைட் தெரிந்தது. தலைவரின் மூக்கும் தெரிந்தது, உள்ளதைவிடக் கொஞ்சம் பெரிதாக.

அழுதுகொண்டிருந்த மகள் நிறுத்தினாள்.

"இது அம்மா பந்தா?"

"ஆமாம்மா. லாக்கர்ல சொரசொரன்னு கெடந்துச்சு, பாக்கவே சகிக்கல. நானே மெஷின்ல போட்டு கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணிட்டேன். கடைசி மரியாதை இல்லையா?"

அம்மா பகலில் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பவள். சாயங்காலம், கனத்த பந்தைத் தரையில் உருட்டிவிடும் பவுலிங் கூடத்தில் கொக்கியக்கா. எண்ணெய் பூசிய தளத்தில் பளபளப்பான பந்து வழுக்கிக்கொண்டே போகும். திரும்பலாம் என்று அதற்குத் தோன்றும்போது காரியம் முடிந்திருக்கும். உப்புத்தாளால் தேய்த்த பந்துதான் தரையைக் கவ்வும், முன்னாடியே வளையும். அம்மா விட்ட பந்து ஓரமாகப் போய், யாரோ பின்னாலிருந்து கூப்பிட்ட மாதிரி திரும்பி வந்து கோடியில் நிற்கும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும்; அந்தக் கொக்கி வளைவால்தான் அந்தப் பெயர். போன வாரம்கூட, அரையிறுதிக்கென்று, மூச்சு வாங்க வாங்க உட்கார்ந்து தேய்த்தாள். ஆட்டத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

தலைவர் காகிதத்தைப் பிரித்தார். பெயருக்கு முன்னால் மூன்று பட்டம் வைத்திருப்பவர். மூன்றும் அவரே கொடுத்துக்கொண்டவை.

"அன்னாரது வாழ்க்கையும் இந்தப் பந்தைப் போலவே மாசற்றது, ஒளி மிக்கது, நேரானது..."

"நேரா?" மகள் எழுந்துவிட்டாள். "எங்கம்மா ஜென்மத்துல நேரா போட்டதில்ல. உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா, பாலிஷ் போடுங்கன்னு?"

"ஃபாரின் பாலிஷ்மா..."

"அவ கையால தேய்ச்ச கடைசி தேய்ப்பு சார் அது. அதையும் துடைச்சிட்டு வந்து மரியாதைங்கறீங்க."

"ஏய், எழவு வீட்ல என்னடி சண்டை?" சித்தி அவள் முந்தானையை இழுத்தாள். "பெரியவர் மனசார செஞ்சிருக்காரு."

"மனசார செஞ்சா? உன் கல்யாணப் புடவைய ஒருத்தர் மனசார ப்ளீச்சுல போட்டா சும்மா இருப்பியா சித்தி?"

யாரோ பின்வரிசையில் சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து உள்ளே போனார். அழப் போகிறார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். திரும்பி வரும்போது ஒரு கையில் மக்கில் தண்ணீர், இன்னொரு கையில் உப்புத்தாள்.

"நானூறு நம்பர்தான் இருக்கு," என்றார்.

"அம்மா ஐந்நூறுதானே போடுவா?" என்றாள் மகள்.

"இது கொஞ்சம் முரடா வரும்."

"வரட்டும்."

வெல்வெட்டிலிருந்து பந்தை எடுத்து அவள் பெட்டியின் பக்கத்திலேயே தரையில் வைத்து, தண்ணீர் விட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். தலைவருக்கு இன்னும் ஒன்றரைப் பக்கம் பாக்கியிருந்தது. குரலை உயர்த்திப் படித்தார். உப்புத்தாளும் உயர்த்திக்கொண்டது. 'தியாகச் சுடர்' என்ற இடத்தில் அவருக்கே தன் குரல் கேட்கவில்லை போலிருக்கிறது. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

அழுத்தித் தேய்க்கும்போதெல்லாம் பந்து நழுவி ஓடியது. அப்பா வேட்டியை மடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்தார். பந்தை இரண்டு பாதங்களுக்கும் நடுவே இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.